1969 கமாரோ இசட்/28-ஆ, மஸ்டாங் பாஸ் 302-ஆ? வாங்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த இரண்டு கார்களின் விவரத் தாளையும் அருகருகே வைத்துப் படித்தால், ஒரே தாளை இரண்டு முறை படிப்பது போல இருக்கும். என்ஜின் 302 கன அங்குலம், இரண்டிலும். சிலிண்டர் விட்டம் 4 அங்குலம், ஸ்ட்ரோக் 3 அங்குலம், இரண்டிலும். ஆலை அறிவித்த சக்தி 5,800 சுற்றில் 290 குதிரைசக்தி, இரண்டிலும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 108 அங்குலம், இரண்டிலும். நான்கு கியர் மேனுவல் மட்டும்தான். ஏசி கேட்டாலும் கிடைக்காது. கமாரோவில் செவ்ரோலெட் என்றும் மஸ்டாங்கில் ஃபோர்டு என்றும் எழுதியிருக்கும்.

எதை வாங்கலாம் என்று கேட்டால் நண்பர்கள் அழகு, ஓட்டும் சுகம், விலை என்று பேசத் தொடங்குவார்கள். சேகரிப்பதற்காக வாங்குபவர் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு: எதிரில் நிற்கிற கார் உண்மையிலேயே அந்தக் கார்தானா, அதை எதைக் கொண்டு நிரூபிப்பது? இந்த இடத்தில்தான் இரட்டையர் இருவரும் பிரிகிறார்கள். பாஸ் 302 தன் பெயரைத் தன் சேசிஸ் எண்ணிலேயே சொல்லிவிடும். இசட்/28 சொல்லாது, அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஏனென்றால் பணம் போவது பெரும்பாலும் அங்கேதான்.

இரண்டும் ஏன் இப்படி ஒத்துப்போகின்றன

1966-இல் எஸ்சிசிஏ என்ற அமெரிக்கக் கார் பந்தயச் சங்கம் டிரான்ஸ்-ஆம் தொடரைத் தொடங்கியது. பெரிய வகுப்பில் என்ஜின் 5 லிட்டரைத் தாண்டக் கூடாது. கன அங்குலக் கணக்கில் 305. பந்தயத்தில் ஓடுவது ஷோரூமில் விற்கும் காரை ஒட்டியதாக இருக்க வேண்டும். அப்போது செவ்ரோலெட்டிடம் 283 கன அங்குல என்ஜினும் 327 கன அங்குல என்ஜினும் இருந்தன. ஒன்று ரொம்பச் சிறியது, மற்றது விதியைத் தாண்டியது. அந்த நிறுவனத்தில் பந்தயப் பொருள்களைக் கவனித்துவந்த வின்ஸ் பிக்கின்ஸ் முன்னின்று ஒரு வழி செய்தார்: 327-இன் பிளாக்கில் 283-இன் கிராங்க் அளவைப் போட்டால் 302 வந்துவிடும். அதைப் போட்ட கமாரோதான் இசட்/28. 1967 மாடலில் 602 கார்கள் விற்றன, 1968-இல் 7,199, 1969-இல் சுமார் 20,000.

முதலில் பட்டம் வென்றது ஃபோர்டுதான். ஆனால் 1968-லும் 1969-லும் பென்ஸ்கி அணிக்காக மார்க் டானஹ்யூ ஓட்டிய நீல நிறக் கமாரோ தொடரையே எடுத்துக்கொண்டது. 1968-இல் மட்டும் 13 பந்தயங்களில் 10-ஐ டானஹ்யூ வென்றார். அந்த ஆண்டு ஃபோர்டு கொண்டுவந்த டனல்-போர்ட் 302 என்ஜின் பந்தயத்துக்குப் பந்தயம் உடைந்துபோனது. அந்தத் தோல்விக்கு ஃபோர்டு தந்த பதில்தான் பாஸ் 302. செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜிஎம்மிலிருந்து விலகி 1968-இல் ஃபோர்டின் தலைவரான பங்கி நுட்சென், அங்கே தன்னோடு வேலை பார்த்த வடிவமைப்பாளர் லாரி ஷினோடாவையும் அழைத்துக்கொண்டார். ஷினோடா மஸ்டாங்கின் பின்பக்கவாட்டில் இருந்த போலிக் காற்றுத் துளையை நீக்கினார், முன்னால் ஸ்பாய்லர் வைத்தார், பக்கத்தில் சி வடிவக் கறுப்புப் பட்டை ஒட்டினார். என்ஜினில் சிறிய ஃபோர்டு வி8 பிளாக்கை வலுவாக்கி, அடுத்து வரவிருந்த 351 கிளீவ்லாண்ட் என்ஜினுக்காக உருவாக்கிய சாய்ந்த வால்வு சிலிண்டர் ஹெட்டை அதன்மேல் பூட்டினார்கள். 1969-இல் தயாரானவை 1,628. அடுத்த ஆண்டு பட் மூர் அணியின் பாஸ் 302-களை பார்னெல்லி ஜோன்ஸும் ஜார்ஜ் ஃபோல்மரும் ஓட்ட, பட்டம் ஃபோர்டுக்குத் திரும்பியது.

1970-இல் விதி தளர்ந்ததால் சாலை இசட்/28-க்கு 350 என்ஜின் வந்துவிட்டது. ஆகவே கடையில் விற்ற 302-க்கு எதிராகக் கடையில் விற்ற 302 நின்றது 1969-இல் மட்டும்தான். ஒப்பிட்டு வாங்க இதைவிடப் பொருத்தமான ஆண்டு கிடையாது.

படி 1: முதலில் இரண்டிலும் உட்கார்ந்து பாருங்கள்

பணத்தைப் பற்றி யோசிக்கும் முன் இரண்டையும் நேரில் பார்த்துவிடுங்கள். டெட்ராய்ட் பக்கம் ஒவ்வோர் ஆகஸ்டிலும் உட்வர்ட் டிரீம் குரூஸ் என்ற கார் ஊர்வலம் நடக்கும்; ஒரே நாளில் இரண்டு வகையும் சாலையோரம் நிற்கும். உரிமையாளர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். நாம் ஆர்வத்தோடு கேட்டால் பானெட்டைத் திறந்து காட்டாதவர் அபூர்வம். பென்சில்வேனியாவின் கார்லைலில் நடக்கும் ஃபோர்டு விழா, நவம்பரில் சிகாகோ அருகே ரோஸ்மான்ட்டில் நடக்கும் மசில் கார் கண்காட்சி ஆகியவையும் பயன்படும். கண்காட்சியில் நிற்கும் கார்கள் பெரும்பாலும் மிகச் சரியாகப் புதுப்பிக்கப்பட்டவை. அசல் ஸ்டிக்கர் எப்படி இருக்கும், எந்த போல்ட்டில் எந்த நிறப் பூச்சு என்பதெல்லாம் அங்கே கண்ணில் பதிந்துவிடும்.

படி 2: சேசிஸ் எண்ணைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

1969 காலத்தில் இன்றைய 17 இலக்க எண் கிடையாது. ஒவ்வொரு நிறுவனமும் தன் வழியில் எழுதியது. இரண்டு கார்களிலும் அந்த எண் உள்ள சிறு தகடு டாஷ்போர்டின் மேல் இருக்கும். முன் கண்ணாடி வழியாகவே படிக்கலாம்.

பாஸ் 302-இல் எண் 9எஃப்02ஜி என்று தொடங்கும். 9 என்றால் 1969, எஃப் என்றால் டியர்பார்ன் ஆலை, 02 என்றால் ஸ்போர்ட்ஸ்ரூஃப் எனப்படும் சரிவுக் கூரை, ஜி என்றால் பாஸ் 302 என்ஜின். அந்த ஐந்தாவது இடத்தில் ஜி இல்லாவிட்டால் பட்டை, ஸ்பாய்லர், ஸ்டிக்கர் எது இருந்தாலும் அது பாஸ் 302 ஆகாது. 1969-இல் இந்தக் காரை டியர்பார்னில் மட்டும்தான் செய்தார்கள். ஆகவே எஃப் இருக்கும் இடத்தில் வேறு எழுத்தைப் பார்த்தாலும் விலகிவிடலாம்.

கமாரோவில் எண் 124379 என்று தொடங்கும். 1 செவ்ரோலெட், 24 வி8 என்ஜின் உள்ள கமாரோ, 37 இரண்டு கதவுக் கூபே, 9 என்றால் 1969. அடுத்த எழுத்து ஆலையைக் காட்டும்: என் என்றால் ஒஹாயோவின் நார்வுட், எல் என்றால் கலிஃபோர்னியாவின் வான் நைஸ். அவ்வளவுதான். என்ஜின் எட்டு சிலிண்டர் என்பதோடு எண் நின்றுவிடுகிறது. சாதாரண 307 போட்டு வந்த குடும்பக் காருக்கும் இசட்/28-க்கும் முதல் ஆறு இலக்கமும் ஒன்றே. காரணம் எளிது. இசட்28 என்பது தனி மாடல் கிடையாது. கூபேயின் மேல் சுமார் 458 டாலர் சேர்த்துக் கொடுத்து டிக் அடிக்கும் ஒரு கூடுதல் வசதியின் குறியீடு. அந்தப் பெயரே பிறகு காரின் பெயராகிவிட்டது.

இதனால் என்ன ஆகும்? நல்ல உடம்புள்ள சாதாரண வி8 கமாரோவை வாங்கி, சரியான பட்டை அடித்து, 302 என்ஜின் கட்டி வைத்தால், எண்ணை வைத்து மட்டும் யாராலும் மறுக்க முடியாது. இப்படி ஆக்கப்பட்ட கார்கள் ஏராளம். ஓட்டுவதற்கு அவை மோசமில்லை. உண்மையான இசட்/28-இன் விலையில் வாங்கினால்தான் நஷ்டம்.

அதனால் கமாரோவில் அடுத்துப் பார்க்க வேண்டியது என்ஜின் அறைச் சுவரின் மேல் மூலையில், டிரைவர் பக்கம் உள்ள, உடம்பின் குறியீடுகள் அச்சிட்ட டிரிம் தகடு. 1968 டிசம்பர் வாக்கிலிருந்து நார்வுட் ஆலை அந்தத் தகட்டில் எக்ஸ் குறியீட்டை அச்சிட்டது. எக்ஸ்33 அல்லது எக்ஸ்77 இருந்தால் அந்த உடம்பு இசட்/28-க்காகச் செய்யப்பட்டது. அதற்கு முன் நார்வுட்டில் செய்த கார்களிலும், வான் நைஸில் செய்த எல்லாக் கார்களிலும் இந்தக் குறியீடு இருக்காது. குறியீடு இல்லாததாலேயே கார் போலி ஆகிவிடாது. சாட்சி ஒன்று குறைகிறது, அவ்வளவே. இசட்/28 அல்லாத காருக்கு உரிய எக்ஸ்11 இருக்கும் காரை இசட்/28 என்று விற்க வந்தால் மட்டும் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இந்தத் தகட்டைப் புதிதாக அடித்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். ஆகவே ரிவெட்டைப் பாருங்கள், எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள், தகட்டைச் சுற்றிப் பெயிண்ட் படிந்த விதத்தைப் பாருங்கள். கமாரோ ரிசர்ச் குரூப் என்ற ஆர்வலர் குழு தொகுத்துள்ள தகவல்களோடு ஒப்பிடுவது நல்லது. அவர்கள் பல ஆண்டுகளாக இதை மட்டுமே ஆராய்ந்தவர்கள்.

இரண்டு கார்களிலும் எண் வேறு இடத்திலும் பதிக்கப்பட்டிருக்கும். மஸ்டாங்கில் டிரைவர் பக்க உள் ஃபெண்டர் தகட்டின் மேல் விளிம்பில், வெளி ஃபெண்டருக்குப் பாதி மறைந்து கிடக்கும். கமாரோவில் கண்ணாடிக்குக் கீழே உள்ள கவுல் தகட்டின் அடியிலும், ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும் ஒளிந்திருக்கும். விலை பெரிய தொகை என்றால், இவற்றைக் கழற்றிப் பார்க்க விற்பவரிடம் அனுமதி கேளுங்கள். மஸ்டாங்கில் இன்னும் ஒரு விஷயம்: உண்மையான ஜி எண் உள்ள தகட்டுப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்து வேறு உடம்பில் ஒட்டவைப்பது உண்டு. எண் இருக்கும் தகட்டைச் சுற்றி ஆலையின் புள்ளி வெல்டிங் இருக்கிறதா, அல்லது நீளக் கோடாக வெல்டிங் ஓடித் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். சேசிஸ் எண்ணை மாற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட காரைத் தெரியாமல் வாங்கினாலும் பறிபோகலாம்.

படி 3: காகிதம் கேளுங்கள்

ஃபோர்டு வாங்குபவருக்கு இங்கே பெரிய வசதி. ஃபோர்டின் 1967 முதல் 1973 வரையிலான தயாரிப்புப் பதிவுகள் முழுவதும் கெவின் மார்ட்டியின் நிறுவனத்திடம் உள்ளன. சேசிஸ் எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டினால் மார்ட்டி அறிக்கை வரும். கார் எந்த நாளில் தயாரானது, எந்த டீலருக்குப் போனது, எந்த நிறம், உள்ளே எந்தத் துணி, எந்தப் பின் ஆக்சில் என்று எல்லாம் அதில் இருக்கும். விற்பவர் கையில் வைத்திருக்கும் பிரதியை நம்பி நிற்காமல் உங்கள் பெயரில் புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். நிறத்தைக் கட்டாயம் சரிபாருங்கள். 1969 பாஸ் 302 நான்கே நிறங்களில்தான் வந்தது: விம்பிள்டன் வெள்ளை, பிரைட் மஞ்சள், கலிப்ஸோ கோரல், அகபுல்கோ நீலம். கறுப்பு 1969 பாஸ் 302 அழகாக இருக்கலாம், ஆனால் அது பின்னால் யாரோ அடித்த பெயிண்ட்.

கமாரோவுக்கு இப்படி ஒரே இடத்தில் கேட்டு வாங்கும் அறிக்கை இல்லை. கனடாவில் விற்கப்பட்ட காராக இருந்தால் ஜிஎம் கனடாவின் பழைய வாகனச் சேவை ஆவணம் தரும். அந்தக் காரணத்துக்காகவே கனடா வழியாக வந்த இசட்/28-களைத் தேடி வாங்குபவர்கள் உண்டு. அமெரிக்காவில் விற்றதென்றால் முதல் உரிமையாளர் பத்திரப்படுத்திய காகிதம்தான் கதி. டீலர் பில், கண்ணாடியில் ஒட்டிய விலைத் தாள், ப்ரொடெக்ட்-ஓ-பிளேட் இந்த மூன்றில் ஒன்றாவது வேண்டும். கடைசியாகச் சொன்னது உத்தரவாதப் புத்தகத்தோடு வந்த சிறிய உலோகத் தகடு. அதில் சேசிஸ் எண்ணோடு என்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில் குறியீடுகள் புடைப்பாகப் பதிந்திருக்கும். இதற்கும் நகல் உண்டு என்பதால், புத்தகத்தோடு, பழைய உரிமையாளர் பெயரோடு சேர்ந்து கிடைத்தால்தான் முழு நம்பிக்கை. பழைய உரிமையாளர்களைத் தொடர்பு கொள்ள முடிந்தால் ஒரு போன் பேசிவிடுங்கள். 1970-களில் கார் முன் நின்று எடுத்த குடும்பப் போட்டோ ஒன்று கிடைத்தால் அதுவும் நல்ல சாட்சி.

படி 4: என்ஜினில் உள்ள எழுத்துகள்

கமாரோவில் என்ஜின்தான் முக்கியச் சாட்சி, அதனால் இங்கே அவசரப்படக் கூடாது. என்ஜினின் முன்பக்கம், பயணி பக்க ஹெட்டுக்குக் கீழே சமதளமான ஒரு சிறிய மேடை இருக்கும். அதில் ஆலையின் எழுத்து, தேதி, கடைசியில் இரண்டெழுத்துக் குறியீடு. 1969 இசட்/28-க்கு அது டி-இசட். உதாரணமாக வி0115டி-இசட் என்று இருந்தால் ஃபிளின்ட் ஆலையில் ஜனவரி 15 அன்று கட்டப்பட்டது என்று பொருள். அந்த மேடையிலோ, ஆயில் ஃபில்டர் அருகிலோ காரின் சேசிஸ் எண்ணின் கடைசிப் பகுதியும் அடிக்கப்பட்டிருக்கும். அது 19என் அல்லது 19எல் என்று தொடங்கி, டாஷ்போர்டு எண்ணின் கடைசி ஆறு இலக்கத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தினால் அது அந்தக் காரோடு பிறந்த என்ஜின்.

அப்புறம் தேதிக் கணக்கு. பிளாக் வார்த்த தேதி அதன் பின்பகுதியில், கியர்பாக்ஸ் சேரும் விளிம்பில், பயணி பக்கம் புடைத்திருக்கும். ஏ 10 9 என்றால் 1969 ஜனவரி 10. வழக்கமாக வரிசை இப்படி இருக்கும்: முதலில் பிளாக் வார்ப்பு, பிறகு என்ஜின் கட்டிய தேதி, பிறகு டிரிம் தகட்டில் உள்ள உடம்பின் வாரம். டிரிம் தகட்டில் 02பி என்றால் பிப்ரவரி இரண்டாம் வாரம். உடம்பின் வாரத்துக்குச் சில நாள் முன்பின்னாக என்ஜின் கட்டப்பட்டிருக்கலாம். ஆனால் ஒரு மாதம் கழித்து வார்த்த பிளாக் அந்தக் காரில் புதிதாக வந்திருக்க முடியாது.

ஒஹாயோவில் ஒருவர் கராஜில் ஒரு லிமான் நீல இசட்/28 பார்த்தேன். வெள்ளைப் பட்டை, கவுல் இண்டக்‌ஷன் பானெட், உள்ளே ஆலை வாசனை மாறாத சீட். என்ஜின் மேடையில் டி-இசட் இருந்தது, எண்ணும் பொருந்தியது. மனசுக்குள் வாங்கியே முடித்துவிட்டேன். கீழே படுத்துச் சிறிய கண்ணாடி ஒன்றை வைத்துப் பிளாக்கின் பின்புறத்தைப் பார்த்தால் சி 18 9 என்று இருந்தது: மார்ச் 18. கார் பிப்ரவரியில் செய்தது. மேடையைத் தேய்த்துவிட்டு யாரோ புதிதாக எழுத்து அடித்திருக்கிறார்கள். விற்றவருக்கு இது தெரியாது. அவர் பத்து வருஷம் முன்பு முழு விலை கொடுத்து வாங்கியவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து அந்தச் சிறு கண்ணாடி இல்லாமல் எந்தக் காரையும் பார்க்கப் போவதில்லை.

மறுபடி அடித்த எழுத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. ஆலை அந்த மேடையைச் செதுக்கியபோது மெல்லிய இணைகோடுகள் முன்பின்னாக ஓடும். எழுத்து அந்தக் கோடுகளின் மேல் பதிந்திருக்க வேண்டும். மேடை கண்ணாடி போல வழவழப்பாக இருந்தால், அல்லது கோடு வட்டமாக ஓடினால், யாரோ இயந்திரத்தில் தேய்த்திருக்கிறார்கள். என்ஜினைப் பிரித்துப் புதுப்பிக்கும்போது நேர்மையாகவே மேல்தளத்தைச் சீவியிருக்கலாம். அப்போது கோடு போகும், ஆனால் பழைய எழுத்தும் மங்கும். கோடு இல்லாமல் எழுத்து மட்டும் புத்தம் புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பிளாக்கின் வார்ப்பு எண்ணை மட்டும் காட்டி யாராவது உறுதி கூறினால் ஏற்காதீர்கள்: 3970010 என்ற எண்ணுள்ள பிளாக் 302-இல் வந்தது, லட்சக்கணக்கான 350 என்ஜின்களிலும் வந்தது.

பாஸ் 302-இல் இந்தப் பாடு குறைவு. அங்கே கார் உண்மையானதா என்பதை எண்ணும் மார்ட்டி அறிக்கையும் முடிவு செய்துவிடுகின்றன. என்ஜின் அசலா என்பது அதற்கு மேல் வரும் விலைக் கேள்வி. பிளாக்கில் காரின் எண் பதிந்திருக்கிறதா, ஹெட்டில் சி9இசட்இ என்று தொடங்கும் 1969-இன் வார்ப்பு எண் இருக்கிறதா என்று பாருங்கள். 1970 ஹெட்டில் இன்டேக் வால்வு 2.23 அங்குலத்திலிருந்து 2.19-ஆகக் குறைந்தது, பழுதின்போது அது வந்து உட்கார்ந்திருக்கலாம். எண் இல்லாத மாற்று பிளாக் பல பாஸ் 302-களில் உண்டு. அதற்குக் காரணமும் பரவலாகத் தெரிந்ததே: ஆலை போட்ட பிஸ்டனில் பாவாடை எனப்படும் கீழ்ப்பகுதி விரிசல் விடும். அதை மாற்றாமலே ஓடும் அசல் என்ஜின் என்று யாராவது பெருமையாகச் சொன்னால், வாங்கிய கையோடு பிரித்துப் பார்க்கும் செலவையும் விலைப் பேச்சில் சேர்த்துவிடுங்கள்.

படி 5: உடம்பும் துருவும்

இரண்டுமே துருப் பிடிப்பவை, இடம்தான் வேறு.

மஸ்டாங்கில் முதலில் கண்ணாடிக்குக் கீழே உள்ள காற்றுத் துளைப் பகுதி. அது உள்ளிருந்து அரித்து ஓட்டையாகும். பெயிண்டைப் பார்த்தால் தெரியாது. அந்தத் துளையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு, உள்ளே தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். கால் வைக்கும் இடத்தில் ஈரம் வந்தால் செலவு பெரிது, டாஷ்போர்டு முழுக்கக் கழற்ற வேண்டும். பிறகு முன் சஸ்பென்ஷன் ஸ்பிரிங் உட்காரும் ஷாக் டவர். பாஸ் 302-க்கு ஃபோர்டு அதை வலுப்படுத்தித்தான் தந்தது, இருந்தாலும் விரிசல் தேடுங்கள். பாட்டரிக்குக் கீழே உள்ள தகடு, சேசிஸ் நீளத் தண்டுகள், பின் ஃபெண்டரின் கீழ் விளிம்பு ஆகியவையும் முக்கியம். பின் ஃபெண்டரில் காற்றுத் துளையை அடைத்த தடம் உள்பக்கம் தெரிந்தால், அந்தத் தகடு வேறு மஸ்டாங்கிலிருந்து வந்தது.

கமாரோவின் முன்பாதி தனிச் சட்டத்தில் உட்கார்ந்து, போல்ட்டில் உடம்போடு சேர்கிறது. அந்த போல்ட் இடங்களில் துரு இருந்தால் கதவு இடைவெளி கோணலாகும். கதவைத் திறந்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். டிக்கித் தரை, அதன் பக்கவாட்டுச் சரிவு, பின் கண்ணாடியைச் சுற்றிய பள்ளம், பின் சக்கர வளைவு எல்லாம் வழக்கமான இடங்கள். வினைல் கூரை இருந்தால் அதன் அடியில் துரு இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது.

காந்தமும் பெயிண்ட் தடிமன் கருவியும் எடுத்துப் போங்கள். பட்டி வைத்துத் தேய்த்த இடம் உடனே தெரியும். இரண்டு கார்களுக்கும் முழு உடம்பே இன்று புதிதாகச் செய்து விற்கப்படுகிறது என்பதையும் நினைவில் வையுங்கள். டிங்கரிங் வேலை நன்றாக இருப்பதும் அது அசல் உடம்பாக இருப்பதும் வெவ்வேறு.

படி 6: காணாமல்போன சின்னப் பாகங்கள்

பலரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. இரண்டு கார்களிலும் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஒரு காற்றுப் பம்ப் வந்தது. வாங்கிய மறுவாரமே அதைக் கழற்றி எறிந்தவர்கள்தான் அதிகம். இன்று அசல் பம்ப், குழாய்கள், பிடிகள் எல்லாம் சேர்த்துத் தேடி வாங்குவதற்குள் ஒரு சாதாரணப் பழைய கார் விலை ஆகிவிடும். பாஸ் 302-இல் 6,150 சுற்றில் என்ஜினைத் தடுக்கும் ஒரு சிறு பெட்டி இருந்தது. அதுவும் பெரும்பாலும் இருக்காது. இரண்டுக்கும் 780 அளவுள்ள ஹாலி கார்புரேட்டர்தான், ஆனால் அடையாள எண் வெவ்வேறு. கமாரோவின் அசல் எக்ஸாஸ்ட், 15 அங்குல ராலி சக்கரம், நான்கு சக்கர டிஸ்க் பிரேக் போன்றவை இருந்தால் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நான்கு டிஸ்க் வசதி 1969-இல் 206 கமாரோக்களுக்கு மட்டும் போனது. விற்பவர் அப்படிச் சொன்னால் படி 3-க்குத் திரும்பிக் காகிதம் கேளுங்கள்.

பொதுவான பாகம் கிடைப்பதில் கமாரோ வெகு முன்னே இருக்கிறது. சிறிய செவ்ரோலெட் வி8-க்கு எந்த ஊரிலும் பாகம் உண்டு, எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். பாஸ் 302-இன் ஹெட்டும் இன்டேக்கும் அந்தக் காருக்கே உரியவை.

படி 7: ஓட்டிப் பாருங்கள்

இரண்டுமே பந்தயத்துக்குக் கட்டிய என்ஜின். கீழே 2,000 சுற்றில் சோம்பலாக இருக்கும். 4,000-ஐத் தாண்டினால் வேறு கார் ஆகிவிடும். அறிவித்த 290-ஐவிட உண்மைச் சக்தி அதிகம் என்று அந்தக் காலத்திலேயே எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். கமாரோவின் என்ஜின் சத்தம் கூர்மையானது, மேலே போகப் போகத் தகரம் கிழிவது போல இருக்கும். பாஸ் கொஞ்சம் தடித்த குரல். வளைவில் பாஸ் 302 என்னை அதிகம் கவர்ந்தது. அகலமான எஃப்60-15 டயருக்கு இடம் தர முன் ஃபெண்டர் வளைவையே மாற்றி, சஸ்பென்ஷனை அதற்கேற்பக் கட்டியிருக்கிறார்கள். ஸ்டீயரிங் சொன்ன பேச்சைக் கேட்கும். கமாரோவில் கியர் போடும் சுகம் கூடுதல்.

குளிர்ந்த என்ஜினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் வேறொரு நாள் வாருங்கள். இரண்டிலும் சாலிட் டேப்பெட் என்பதால் டிக் டிக் சத்தம் இயல்பு. கமாரோவின் கேம்ஷாஃப்டை 30-30 என்று அழைப்பதே அதன் வால்வு இடைவெளி 0.030 அங்குலம் என்பதால்தான். அந்தச் சீரான டிக் டிக்கைத் தாண்டி, கீழிருந்து மந்தமான தட்டல் வந்து சூடானதும் மறைந்தால் பிஸ்டன் தளர்ந்திருக்கிறது. பாஸில் இது முக்கியம். கமாரோவில் ஆலை வைத்த அழுத்த விகிதம் 11:1, பாஸில் 10.5:1. இன்றைய பங்க் பெட்ரோலில் மேட்டில் ஏறும்போது கூழாங்கல் குலுக்குவது போலச் சத்தம் வந்தால், பற்றவைப்பு நேரத்தைத் தள்ளிவைக்கவோ உயர் ஆக்டேன் பெட்ரோல் கலக்கவோ வேண்டியிருக்கும்.

படி 8: விலை பேசுவது

கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள். மீகம், பாரட்-ஜாக்சன் ஏலங்களின் முடிவுகள் வெளியாகின்றன; பழைய கார்களுக்குக் காப்பீடு தரும் ஹாகர்ட்டி நிறுவனம் நிலைவாரியாக மதிப்பீடு வெளியிடுகிறது. கடந்த ஓராண்டில் விற்ற ஐந்தாறு கார்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் காகிதம், அசல் என்ஜின், நிறம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டால் உங்களுக்கே ஒரு கணக்குப் பிடிபடும். கமாரோவில் காகிதம் உள்ளதற்கும் இல்லாததற்கும் இடையே பள்ளம் ஆழமாக இருப்பதைக் காண்பீர்கள். பாஸில் அந்தப் பள்ளம் சிறிது. அங்கே அசல் என்ஜினும் உடம்பின் நிலையும் விலையைத் தீர்மானிக்கின்றன.

என்னைக் கேட்டால், முதன்முதலாகச் சேகரிப்பில் இறங்குபவர் பாஸ் 302 வாங்கட்டும். எண்ணிக்கை குறைவு, அடையாளம் உறுதி, பத்து வருஷம் கழித்து விற்கப்போனாலும் யாரிடமும் வாதாட வேண்டியதில்லை. வாரம் தவறாமல் ஓட்ட வேண்டும், தானே கைவைத்துப் பழுது பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுபவருக்கு இசட்/28. ஆனால் எக்ஸ்33 அல்லது எக்ஸ்77, பொருந்தும் டி-இசட் என்ஜின், ஒரு அசல் காகிதம் இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இல்லாமல் முழு விலை கொடுக்காதீர்கள். ஒன்றுமே இல்லாத, ஆனால் நன்றாகக் கட்டிய கமாரோ மனசுக்குப் பிடித்துவிட்டதா? சரி, சாதாரண வி8 கமாரோவின் விலைக்கு வாங்கி ஆனந்தமாக ஓட்டுங்கள்.

கார் வீட்டுக்கு வந்ததும் முதல் வாரத்தில் இதைச் செய்யுங்கள். ஆயிலை மாற்றி, இந்த வகை டேப்பெட்டுக்குத் தேவையான துத்தநாகச் சேர்மம் உள்ள ஆயில் ஊற்றுங்கள். நவீன ஆயிலில் அது குறைவு, கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிடும். ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். பிரேக் திரவத்தைப் புதிதாக நிரப்புங்கள். பிறகு கேமராவை எடுத்துக்கொண்டு, இந்த வழிகாட்டியில் சொன்ன ஒவ்வொரு எண்ணையும் தேதியையும் தகட்டையும் படம் பிடித்து, வாங்கிய பில்லோடு ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். கழற்றி மாற்றும் பழைய பாகம் எதுவானாலும், உடைந்ததாக இருந்தாலும், ஒரு துண்டுச் சீட்டில் தேதி எழுதிக் கட்டி அட்டைப் பெட்டியில் போட்டு வைத்து, அடுத்த உரிமையாளருக்குக் காரோடு சேர்த்துக் கொடுங்கள்.